சிவப்பு ஃபில்டரைக் கழற்றினேன்

எங்கள் தாமான் குடியிருப்பில் டர்போ கார் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில். மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். நாற்பது தாண்டிய பிறகு, பழைய ஜப்பான் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய அன்றே அண்ணன் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது பையனுங்க ஓட்டுற காடி. ஒனக்கு எதுக்குலா?”

“புடிச்சிருக்கு, வாங்கினேன்.”

அண்ணன் என் கணவரைப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர், “என்னைக் கேக்காதீங்க மச்சான்” என்று தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் சர்வீசுக்கு அண்ணன்தான் கூட்டிப்போனார். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் அவருடைய பள்ளி நண்பர் வர்க்‌ஷாப் வைத்திருந்தார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் அண்ணன் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். எண்ணெயை மாற்றி, பளபளவென்று சிவப்பு வண்ணம் அடித்த ஓர் எண்ணெய் ஃபில்டரைப் போட்டார். “ரேசிங் ஃபில்டர். டர்போ எஞ்சினுக்கு இதுதான் போடணும்” என்றார், அதையும் அண்ணனிடம்.

மறுநாள் காலை காரைக் கிளப்பியதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சின் கடகடத்தது. எண்ணெய் விளக்கு அணையத் தாமதித்தது. அது அணைந்த பிறகுதான் சத்தமும் நின்றது. அடுத்த நாளும் அப்படியே. மறுபடி மேருவுக்குப் போனேன்.

“டர்போ காடின்னா அப்படித்தான் தங்கச்சி. பழைய எஞ்சின் லா. போகப் போகச் சரியாயிடும்.”

“ஃபில்டர் மாத்துறதுக்கு முன்னாடி இந்தச் சத்தம் இல்லண்ணே.”

“இருந்திருக்கும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. ஒரு முழங்கால் மடங்கும்போது எந்த இடத்தில் தடுக்கிறது என்று கவனிப்பதுதான் என் பிழைப்பு. நான் கவனிக்கவில்லையாம்.

அன்று முதல் உட்கார்ந்து படித்தேன். அந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடி எடுத்தேன். என் காரில் ஃபில்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் அதிலுள்ள எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் உள்ளே ஒரு ரப்பர் வளையம் மூடிக்கொள்ள வேண்டும். அது சரியாக மூடவில்லை என்றால் இரவெல்லாம் ஃபில்டர் காலியாகி, காலையில் எண்ணெய் மேலே போய்ச் சேரும்வரை உலோகமும் உலோகமும் உரசும். இன்னொன்று, உள்ளே இருக்கும் ஸ்பிரிங். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு அதுதான் மாற்றுவழி திறந்துவிடும். அந்த ஸ்பிரிங் எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சீக்கிரம் திறந்துவிட்டால் அழுக்கெண்ணெய் நேராக டர்போவுக்குப் போகும். வண்ணத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை.

கிள்ளானில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சீன ஆன்டியிடம் எஞ்சின் நம்பரைக் கொடுத்தேன். அவர் எடுத்து வைத்த பெட்டிகளைத் திறந்து, கைப்பேசி விளக்கை ஃபில்டரின் ஓட்டைக்குள் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெட்டியில் கையேட்டிலுள்ள அதே அழுத்தம், அதே திருகுமரை, சூட்டில் இறுகிப்போகாத சிலிக்கோன் வளையம். மூன்றும் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான். கறுப்பாக, குட்டையாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மேருவுக்குப் போனபோது அண்ணனும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வர்க்‌ஷாப்காரர் அதைக் கையில் வாங்கிச் சிரித்தார். “இது பாசாருக்குக் காய்கறி வாங்கப் போற காடிக்குப் போடுறது தங்கச்சி.”

“இது என் காடிக்குப் போடுறது. இதையே போடுங்க.”

“நான் போட மாட்டேன். எஞ்சின் போச்சுன்னா என் பேருதான் கெடும்.”

அண்ணன் குறுக்கே வந்தார். “அவரு இத்தனை வருசமா இதே வேலை செய்யிறாரு. நீ போன்ல படிச்சிட்டு வந்து அவருக்கே பாடம் நடத்துறியா?”

“பாடம் நடத்தல. ஃபில்டர் மாத்தச் சொல்றேன். முடியாதுன்னா நானே மாத்திக்கிறேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஃபில்டரை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, காரை முட்டுக்கொடுத்து ஏற்றி, அடியில் படுத்தேன். கணவர் பக்கத்திலேயே குந்தியிருந்து, “விழுந்துடாதுல்ல? நல்லா பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய எண்ணெயை வடித்து, சிவப்பு ஃபில்டரைத் திருகிக் கழற்றி, கறுப்பை மாட்டி, புது எண்ணெய் ஊற்றினேன். கணவர் சாவியைத் திருப்பினார். அடுத்த நொடி போர்ச் முழுக்க எண்ணெய். “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருந்தேன். மதில்மேல் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வழியாகச் செய்தி அண்ணனுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

“என்ன, ஊத்திருச்சாமே?”

“ஊத்திருச்சு. திரும்பப் போடப் போறேன்.”

“பேசாம மேருவுக்கு இழுத்துட்டு வா. அவன்கிட்ட நான் சொல்றேன்.”

“வேணாம்ணே. எண்ணெய் வாங்கத்தான் கடைக்குப் போறேன்.”

மரத்தூள் கொட்டி இருவருமாகக் கூட்டினோம். ஒட்டியிருந்த வளையத்தைப் பிய்த்தெடுத்து, இடத்தைத் துடைத்து, மறுபடி மாட்டினேன். இம்முறை ஒரு சொட்டும் விழவில்லை. மறுநாள் காலை கிளப்பியதும் விளக்கு சட்டென்று அணைந்தது. கடகடப்பு இல்லை. உள்ளே போய்க் கணவரை எழுப்பி, வெளியே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பிக் காட்டினேன். “நல்லாதான் இருக்கு” என்று கொட்டாவி விட்டார்.

சிவப்பு ஃபில்டரைத் தகரக் கத்தரியால் வெட்டிப் பிரித்தேன். உள்ளே ரப்பர் வளையம் காய்ந்த ஆரஞ்சுத்தோல் மாதிரி விறைத்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அதை அப்படியே அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

அண்ணன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். “ஏதோ ஒரு பீஸ் இப்படி வந்திருக்கும்.”

“அந்த ஒரு பீஸ்தான் என் எஞ்சின்ல இருந்துச்சு.”

“இருக்கட்டும். ஆனா என் கூட்டாளிய அவன் கடையிலேயே அவமானப்படுத்திட்ட.”

“நான் பேசுறப்பல்லாம் அவரு உங்க மூஞ்சியத்தான் பாத்தாரு. அது யாருக்கு அவமானம்?”

அண்ணன் ஃபில்டரை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பந்திங்கில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில்தான் மறுபடி பார்த்தோம். அதே பந்தியில் வர்க்‌ஷாப்காரரும் உட்கார்ந்திருந்தார்.

“காடி எப்படி இருக்கு தங்கச்சி?” இந்த முறை என்னைப் பார்த்தே கேட்டார்.

“நல்லா ஓடுதுண்ணே.”

“நான்தான் சொன்னேன்ல, போகப் போகச் சரியாயிடும்னு.”

“தானா சரியாகலண்ணே. நீங்க போட்டதக் கழட்டினேன், சரியாயிடுச்சு.”

அண்ணனுக்குப் புரையேறியது. பக்கத்திலிருந்த அண்ணி தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, இலையைப் பார்த்தபடி சிரித்தார். வர்க்‌ஷாப்காரர் பாயாசம் கேட்டுப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. நான் ஓட்ட, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

“பந்தியில வச்சு சொல்லியிருக்க வேணாம். விட்டிருக்கலாம்.”

“ஏன் விடணும்?”

முன்னால் ஒரு லோரி செம்பனைக் குலைகளோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே சாலை காலியாக இருந்தது. முந்துவதற்காகக் கியரை ஒன்று குறைத்தேன். அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.