பதினேழாம் எண்ணின் பதில்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் போன ஜூன் இருபத்து நான்காம் தேதி, பட்டப்பகலில், சாயல்குடியில் ஒரு வீட்டுக்குள் இது நடந்தது. அந்தச் சத்தத்தை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கோகிலா வானியல் படித்தவள். வெளிநாட்டு டெலஸ்கோப் ஒன்று லட்சக்கணக்கான கேலக்ஸிகளின் ஒளியைப் பிரித்துப் பதிவு செய்கிறது. ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் கேலக்ஸியின் தூரம் தெரியும். கம்ப்யூட்டர் குழம்பும் இடங்களை மனிதக் கண்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். தன் பதிலைப் பதிந்த பிறகுதான் அடுத்தவர் பதில் தெரியும். கோகிலா வீட்டிலிருந்தே இதைச் செய்தாள். அவள் சொல்லச் சொல்ல, பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டிவந்தவன் அவள் கணவன் தர்மராஜ். வாலிநோக்கம் உப்பளத்தில் சூப்பர்வைசர். மே மாதம் லாரி மோதி இறந்துபோனான்.

அவள் அழவில்லை. குளித்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். எதுவும் உறைக்கவில்லை. அந்த இருபத்து நான்காம் தேதிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பதில்களை அனுப்பாவிட்டால் வேலை போய்விடும். அதனால் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

காலை 11:40. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது.

முதல் பதிவைத் திறந்தாள். அவள் எதையும் பதியும் முன்பே இன்னொருவர் பதில் அங்கே இருந்தது. பார்வையாளர் எண் 17. அடுத்ததிலும் 17. அதற்கடுத்ததிலும்...

ஒன்றில் அவள் கணக்கு ஐந்நூறு கோடி ஒளியாண்டு. பதினேழின் கணக்கு எழுநூறு கோடி. திரும்பப் போட்டுப் பார்த்தாள். பதினேழுதான் சரி.

12:07. பக்கத்து அறையில் சத்தம்.

டக்... டக்... டக்.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் கருத்தம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஏத்தா, தர்மராசு ரூம்புல யாரு தட்டுறது?"

"யாருமில்ல அத்தை."

"சத்தம் கேக்குதே."

"எலியா இருக்கும்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கம்ப்யூட்டர் இருட்டாக இருந்தது. கீபோர்டு மேல் தூசி. ஒரு விரல் தடம்கூட இல்லை.

நாற்காலி மட்டும் மெல்லச் சுழன்று...

நின்றது.

அவள் கதவைச் சாத்தினாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. திரும்பி வந்து அடுத்த பதிவைத் திறந்தாள்.

டக்.

அடுத்தது.

டக்.

12:51க்குக் கரண்ட் வந்தது. சத்தம் நின்றது. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, புனேயிலிருந்து ஷாகிர் போன் செய்தார். வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான்; சொந்த ஊர் இந்தப் பக்கம்தான்.

"கோகிலா, பதினேழு யாரு?"

"நீங்கதான போட்டீங்க?"

"நாங்க யாரையும் போடலம்மா. இருநூத்திப் பன்னெண்டு பதிலும் மே பதினாலு, மதியம் மூணு அம்பத்திரெண்டுக்குப் பதிவாயிருக்கு. ஒரே நிமிசத்துல. ஆனா டெலஸ்கோப் அந்தப் பக்கம் திரும்புனதே மே இருபத்தஞ்சுதான்."

தர்மராஜின் மூச்சு நின்றதாக டாக்டர் எழுதிக்கொடுத்த நேரம் அது. ஷாகிருக்கு அந்த நேரம் தெரியாது.

"இன்னொண்ணு. உங்க லிஸ்டுல இல்லாத ஒரு இடத்துக்கும் பதில் இருக்கு. அங்கன கேலக்ஸியே கிடையாது, வெறும் வானம். வர்ற ஜூலை ஒம்பதாந் தேதிதான் டெலஸ்கோப் அதைப் பாக்கவே போகுது."

"தூரம் எவ்வளவு போட்டிருக்கு?"

"பூஜ்யம். கீழ தமிழ்ல ஒரு வார்த்தை."

"என்னன்னு?"

"வாரேன்."