எட்டுப் பல் குறைத்த வண்டி

மண் பாதைக்கென்று செய்த பைக்கைத் தார் ரோட்டில் ஓட்டும் வேதனையை என்னிடம் கேளுங்கள். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும். முள் எண்பதைத் தாண்டாது. கும்பகோணத்திலிருந்து குத்தாலத்துக்கு வேலைக்குப் போகும்போது வைக்கோல் லாரிகூட என்னை முந்தும். எனக்குப் பொறுக்கவில்லை. பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஐம்பது பல் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிட்டு நாற்பத்திரண்டு பல் போடச் சொன்னேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எட்டுப் பல்லு கொறச்சா வேகம் வரும், இழுவை போயிடும்மா. சேத்துல தெணறும்."

"சேத்துல எனக்கென்னங்க வேலை? நாத்து நடவா போறேன்?" என்றேன்.

அவர் செயினையும் அதற்கேற்ப வெட்டிக் கோர்த்துக் கொடுத்தார். அன்று மாலையே நூறைத் தொட்டேன். பல்லைப் பிடுங்கிய பிறகு சீறிய ஒரே ஜந்து என் வண்டிதான்.

அதே வாரம் அக்கா, தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தாள். "கொழா பதிக்கிற மெஷின் நம்ம வயலுக்கு வந்துருச்சாம்டி. பட்டாதார் நேர்ல நின்னு ஆட்சேபனை சொல்லலைன்னா, சம்மதம்னு எழுதிடுவாங்களாம். ஒடனே வா!"

எந்தக் கழகம் ஆண்டாலும் எரிவாயுக் குழாய்க்காரர்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. குத்தாலத்துக்கு அப்பால் இருந்த அந்த ஒரு ஏக்கரை நாங்கள் இருவரும் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியிருந்தோம். பட்டா அக்கா பெயரில். அம்மா ஒரு காலத்தில் கூலிக்கு நடவு நட்ட அதே வயல். அது கைவிட்டுப் போய்விடுமோ என்று பதறி வண்டியை எடுத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பஸ், கார், லாரி எல்லாவற்றையும் முந்தினேன். வாய்க்கால் கரையில் திரும்பியதும் என் கெட்டிக்காரத்தனம் முடிந்தது. முந்தின நாள் மழையில் கரை முழுக்கச் சேறு. முதல் கியரிலேயே வண்டி முக்கி முனகி நின்றது. பழைய ஐம்பது பல் இருந்திருந்தால் தூங்கிக்கொண்டே ஏறியிருக்கும்.

அக்கா என்னைத் திட்டக்கூட நிற்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, சேற்றில் ஓடினாள். ஒருமுறை விழுந்து எழுந்தாள். பள்ளம் தோண்டவிருந்த இடத்தில், மெஷினுக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் அதிகாரி.

"பட்டாதார்."

அவள் குரல் கரைவரை கேட்டது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அந்த வார்த்தையைத் தங்களைப் பற்றிச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி அரை மனதோடு ஆட்சேபனையை எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். அன்றைக்கு வேலை நடக்காது என்று மெஷினைத் திருப்பச் சொன்னார்.

புறப்பட்ட மெஷினை அக்கா கை காட்டி நிறுத்தினாள். சேறு அப்பிய முகத்தோடு டிரைவரிடம் சொன்னாள்:

"வந்ததுதான் வந்தீங்க, என் தங்கச்சி வண்டிய இழுத்து ரோட்டுல விட்டுட்டுப் போங்க."