காய்ச்சல் வருஷத்துச் சரித்திரம்

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலுக்கு வெள்ளிவிழா வந்தபோது அதன் சரித்திரத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. எழுதத் தெரிந்தவன் என்று பேரெடுத்தால் இப்படித்தான்.

சாமியார் பிரெஞ்சுக்காரர். நம் தமிழை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். காய்ச்சல் வருஷத்தை எப்படி எழுதுவது என்று அவரே சொன்னார்: ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் சாவு விழுந்துகொண்டிருந்தது, நாம் ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் வைத்துச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தோம், அதன்பின் நம் மந்தையில் ஒரு உயிரும் போகவில்லை.

அந்த மாதமே ஆட்கள் வந்து கொசுவை ஒழிக்க வாய்க்கால் வெட்டி எண்ணெய் ஊற்றியதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அவர் அதை அடிக்கவில்லை. ஆண்டவர் மண்வெட்டியாலும் வேலை செய்வார் என்றார்.

வீட்டில் படித்துக் காட்டினேன். 'ஒரு உயிரும் போகவில்லை' என்ற இடத்தில் என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். ஊர்வலம் போன மறுவாரம்தான் எங்கள் பெண்குழந்தை பிறந்து, மூன்றாம் நாளே காய்ச்சலில் போனது. அன்று சாமியார் கிள்ளான் ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை மந்தையில் சேராது. ஆகவே அந்த வரியில் பொய் இல்லை.

மறுநாள் அவள் முக்காடிட்டுக்கொண்டு சாமியாரிடம் நடந்தாள். நான் எழுதிய தாளோடு பின்னால் ஓடினேன். சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பிரசங்கத்தில் சொன்னவர் அவர்தான்.

"நான் தண்ணி ஊத்தினேன் சாமி. பிதா, சுதன், இஸ்பிரித்துசாந்து பேராலேன்னு சொல்லித்தான் ஊத்தினேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்றார்.

"அப்ப என்னை யாரும் கேக்கல."

அவர் என் பக்கம் திரும்பினார். நீ பார்த்தாயா என்று கேட்டார்.

"நான் ஸ்டேஷன்ல இருந்தேன் சாமி. நீங்க வர்ற கிள்ளான் ரயிலுக்காகக் காத்துக்கிட்டு."

அவர் முகம் வெளுத்தது. அவள் சொல்வது மெய்யானால் பிள்ளை மந்தையில் சேர்ந்து மோட்சத்தில் இருக்கிறது, ஊர்வலம் செய்த அற்புதம் என்ற அவருடைய புதுமை போயிற்று. பேனாவை எடுத்தார். பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டார்.

அதுவரை கல்லாக நின்றவள் உடைந்து அழுதாள். நாங்கள் பேர் வைக்கவே இல்லை. பேர் சொல்லாமல் என்ன ஞானஸ்நானம் என்று அவர் கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அவர் கேட்கவில்லை. என் தாளில் 'ஒரு உயிரும் போகவில்லை' என்ற வரிக்கு மேலே தம் கையாலேயே எழுதினார்: 'ஒரு பெண்குழந்தையைத் தவிர.'