நன்றாக மொழிபெயர்த்த தாலாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்கு வெள்ளைக்காரச் சர்க்காரில் ஒரு விநோதமான உத்தியோகம். தமிழில் அச்சாகும் சின்னப் புத்தகங்களைப் படித்து, விஷம் இருந்தால் அதை இங்கிலீஷில் துரைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ராஜத்துரோகம் படித்துவிட்டு, மயிலாப்பூர் குளத்தருகே கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அவ்வளவு படித்தும் எனக்கு ஒரு துளிகூட ஒட்டவில்லை. பென்ஷன் உத்தியோகம் அல்லவா.

ஆபீஸில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. மனசுக்குப் பிடித்த புத்தகம் வந்தால் மட்டமாக மொழிபெயர்ப்பது. நெருப்பாக இருக்கும் வரியைக் கஞ்சியாக்கி, 'பாமரப் பாட்டு' என்று அடியில் குறித்தால், துரை கொட்டாவி விட்டுக் கையெழுத்துப் போடுவார். புத்தகம் பிழைக்கும். பக்கத்து மேஜைக்காரர் இங்கிலீஷ் வராதவர் என்றே பெயர் வாங்கியவர். அவர் கையால் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினார்களோ.

ஒருநாள் என் மேஜைக்கு எட்டுப் பக்கத் தாலாட்டு ஒன்று வந்தது. எழுதியவர் சைதாப்பேட்டையில் கைப்பிரஸ் வைத்திருந்தவர். என் தங்கையின் கல்யாணப் பத்திரிகைகூட அவர் அடித்ததுதான். சில ஜாதிகளில் பிறந்தாலே திருடன் என்று கைரேகை வாங்கி, போலீஸ் ஸ்டேஷனில் தலை எண்ணும் சட்டம் அப்போது இருந்தது. அவர் மனைவி வீட்டார் அந்தக் கணக்கில் இருந்தவர்கள். தாலாட்டில், கட்டைவிரல் சூப்பும் குழந்தையிடம், அந்த விரலில் மை தடவ ஆள் வருகிறான், அதற்குள் தூங்கிவிடு என்று தாய் பாடுகிறாள். படித்துவிட்டு அதைப் பக்கத்து மேஜைக்கு நீட்டினேன்.

பக்கத்து மேஜைக்காரரும் படித்தார். திருப்பித் தரும்போது, "சப்புன்னு எழுதும் ஓய். நன்னா எழுதித் தொலைச்சுடாதேயும்" என்றார்.

எனக்கோ இங்கிலீஷ் கவிதை என்றால் பைத்தியம். இப்படி ஒரு பாட்டைக் கஞ்சியாக்க மனசு வரவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று துரைக்குத் தெரிய வேண்டும் என்ற அரிப்புத்தான். நாலு நாள் உட்கார்ந்து எதுகை எல்லாம் வைத்து எழுதினேன். துரை படித்தார். கண் கலங்கியதாகக் கேள்வி. இவ்வளவு உருக்கமானது வெளியே உலவக்கூடாது என்று அன்றே தடை போட்டார்.

பிரஸ்ஸைப் பூட்டினார்கள். பிரதிகளை எரித்தார்கள். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு சரியானதுதான் என்று நானே கூண்டேறிச் சத்தியம் செய்தேன். மாஜிஸ்திரேட் என் நடையைப் பாராட்டிவிட்டு அவருக்கு ஒரு வருஷம் போட்டார்.

விடுதலையானதும் அவர் ஒரு காலை என் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பாதி ஆறுதலாகக்கூட இருந்தது. அவரோ வாசலிலேயே நின்றபடி, பாட்டை ஒருநாளும் காகிதத்தில் எழுதவில்லை, மனசில் வந்ததை நேரே அச்செழுத்தில் கோத்துவிட்டேன் என்றார். இப்போது முதல் மூன்று அடிக்குமேல் அவருக்கு வரவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. வாங்கியவர்கள் பயந்து அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

"உன்னாண்ட இருக்குமே ஐயரே. மீதி இன்னா?"

ஆபீஸ் பிரதியையும் வழக்கு முடிந்ததும் எரித்துவிட்டார்கள். என்னிடம் இருந்தது இங்கிலீஷ். அது வரிக்கு வரி மனப்பாடம். அதைத் தமிழாக்கிச் சொல்லிப் பார்த்தேன். எதுகைக்காக நான் சேர்த்த நட்சத்திரமும் நிலாவும் வந்தன. அவர் போட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது" என்றார். "ஆனா இது என்னுது இல்லியே."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் மூன்று அடியையாவது கேட்டு எழுதி வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது அவர் தெரு முனையைத் தாண்டிவிட்டார். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் ஓடவில்லை. ஆபீஸுக்கு நேரமாகியிருந்தது.