கடைசிப் பக்கத்தில் தொடங்கிய அறிக்கை

என் தங்கையின் மகன் இஸ்ரேலுக்குத் தோட்ட வேலைக்குப் போய், ஏணியால் விழுந்து, முள்ளந்தண்டில் அடிபட்டுப் புளியங்குளத்துக்குச் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தான். கையில் கொப்பி மாதிரித் தைத்த ஒரு வைத்திய அறிக்கை, முழுக்க எபிரேய எழுத்து. அதை ஆங்கிலத்தில் அனுப்பினால்தான், கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் விடுதியில் இடம் தரலாமா என்று பார்ப்பார்களாம்.

அந்த நாட்டில் நடக்கமாட்டாத ஒரு மனிசனை ஆறு வருடம் பராமரித்தவள் நான். எபிரேயம் பேசுவேன். ஆனால் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆகவே எல்லோரும் இங்கிலிஸ் மாஸ்டரிடம் போனார்கள். எபிரேயத்தில் ஓர் எழுத்தும் தெரியாது என்பது அவருடைய பெரிய தகுதி.

மாஸ்டர் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, அது ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னதை முத்து முத்தாக எழுதினார். முள்ளந்தண்டு நரம்பை அங்கே ‘ஹூத் ஹஷித்ரா’ என்பார்கள். முதுகின் நூல் என்ற மாதிரி. மாஸ்டர் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அது தையல் நூலாகியிருந்தது.

“மாஸ்டர், அது நூலில்லை. முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற நரம்பு.”

“ஆச்சி, வைத்தியச் சொல்லுகளில நீங்க கை வைக்காதேங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

குடித்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. முதலில் கால்விரல் அசைந்திருக்கிறது, பிறகு உணர்வே போய்விட்டது, பயிற்சியால் பயனில்லை, இடமில்லை. அவனுடைய காலைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கடதாசியைப் பார்க்க எல்லோருக்கும் நேரமிருந்தது.

“பெரியம்மா, விழுந்த புதுசில ஒண்டுமே தெரியேல்லை. விரல் இப்பத்தானே அசையுது,” என்றான் அவன்.

அறிக்கையை வாங்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். அந்த ஊர்க் கொப்பி வலப்பக்கத்தால் திறக்கும். மாஸ்டர் நம்முடைய கொப்பி மாதிரி இடப்பக்கத்தால் திறந்து, கடைசிப் பக்கத்தை முதலாவதாக எழுதியிருந்தார். தேறி வந்த பிள்ளையைத் தேயவைத்துவிட்டார்.

“ஆச்சிக்கு எழுத்துத் தெரியாதே?”

“ஓம், தெரியாது. திகதி தெரியும். இலக்கமெல்லாம் எங்கட இலக்கந்தான், பாருங்கோ.”

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு புதுத் தாள் எடுத்தார். போன் எபிரேயத்தில் வாசித்த சொல்லுக்கு நான் தமிழ் சொன்னேன். அவர் ஆங்கிலம் எழுதினார். நூல் நரம்பானது.

இந்த முறை இடம் கிடைத்தது. முதல் நாளே பயிற்சி கொடுக்கும் பிள்ளை அவனை இரண்டு கம்பிகளுக்கிடையில் தூக்கி நிறுத்தினாள். அரை நிமிடம் நின்றான். வேர்த்துக் கொட்டியது.

“காணும் பெரியம்மா, இனி இருக்கிறன்,” என்றான்.

“காணாது,” என்றேன்.