ராகி டின்னில் ஒரு பில்லை

ராகி மாவு டின்னுக்குள் கைவிட்டால் இன்றைக்கும் அடியில் அது தட்டுப்படும். பித்தளைப் பில்லை, மேலே ஓட்டை, நடுவில் நம்பர். என் மாமனார் அதை மில் கேட்டில் காட்டித்தான் உள்ளே போவார். அவர் ரிடையர் ஆனதும் அதே நம்பரில் என் வீட்டுக்காரர் போனார். அப்பன் வேலை பிள்ளைக்கு என்பதுதான் அந்த மில்லில் வழக்கம். எங்களுக்கு நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை. பில்லைதான் சொத்து.

மகள் பத்தாவது முடித்தபோது மில்லைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மூடிவிட்டார்கள் என்ற பேச்சை எங்கள் வரிசை வீடுகளில் யாரும் எடுக்க மாட்டார்கள். "லாக்கவுட்" என்பார்கள், ஏதோ மழைக்கு லீவு விட்டமாதிரி. சங்கு ஊதாவிட்டாலும் என் வீட்டுக்காரர் காலை ஷிப்டு நேரத்துக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். போகாமல் விட்டால் நம்பர் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். மத்தியானம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குவார். நானும் மகளும் ஊதுபத்தி உருட்டுவோம். அவள் விரல் கறுப்பு பரீட்சைப் பேப்பரிலும் ஒட்டியிருக்கும்.

அந்த நேரத்தில்தான் கேட்டில் ஒரு சேதி கிளம்பியது. மில் திறக்கப் போகிறது, வாரிசுப் பெயர் எழுதுகிறார்கள், ஒரே ஒரு நாள்தான். பில்லையோடு மகனையோ மகளையோ நேரில் கூட்டி வரணும், அசல் மார்க்ஸ் கார்டைக் கொடுத்துவிடணும். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. சேரக் கடைசி நாளும் அதே நாள். அங்கேயும் அசல் கார்டுதான் கேட்டார்கள்.

முந்தின நாளே ஆஸ்டின் டவுனிலிருந்து நாத்தனார் வந்து உட்கார்ந்துவிட்டார். "டேய் தம்பி, டிப்ளமா படிச்சிட்டு எவன் ஊட்டு மிக்சிய ரிப்பேர் பண்ணப் போறா உன் பொண்ணு? வர்ற வேலைய எவனாவது உடுவானா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. நாலாவது வரைக்கும் படித்தேன், அங்கேயும் கடைசி வரிசைதான். "பேரக் குடுத்துடலாங்க்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது ஆணியில் மாட்டியிருந்த பில்லையை எடுத்து ராகி மாவுக்குள் அமுக்கினேன். என் ஜன்மத்தில் நான் செய்த ஒரே திருட்டு.

"பில்லையப் பாத்தியாமே?" என்றார், குளித்துவிட்டு வந்து.

"இல்லீங்க."

"ஆணியில இருந்தது கால் மொளைச்சா போச்சு?" என்று நாத்தனார் பாயை உதறினார், வாசலுக்குப் போய்க் குப்பையைக் கிளறினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "கெடைக்கல. அது இல்லாம இவள இட்டுனு போய் இன்னா பண்றது? நீ இவள காலேஜுக்கு இட்டுனு போ. தொலஞ்சிபோச்சின்னு நான் சொல்லிட்டு வரேன்."

பாலிடெக்னிக் ஆபீசில் கிளார்க் கன்னடத்தில் அப்பாவின் வேலை என்ன என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து வந்தது: "மில்லு முச்சோய்த்து, சார்." மில் மூடியாச்சு. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாததை முதல்முதலாக வேற்று மனிதரிடம், வேற்று பாஷையில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து களி கிண்ட டின்னைத் திறந்தேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. வெறும் பில்லையைத்தான் நான் போட்டேன். இப்போது அதைச் சுற்றிக் கழிவுப் பஞ்சு இருந்தது. மில்லில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொத்து இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வந்தார். "பில்லையத் தொலைச்சவன்னு சிரிச்சானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் களியை வைத்தேன். அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும், "அப்பன் சொத்தைத் தொலைச்ச புண்ணியவான்" என்று நாத்தனார் ஆரம்பிப்பார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். ஒருநாளும் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

மில் திறக்கவே இல்லை. கார்டைக் கொடுத்தவர்கள் பிள்ளைகளோடு கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மகள் படித்து முடித்து டெலிபோன் தயாரிக்கிற கம்பெனியில் வேலைக்குப் போனாள். லிங்கராஜபுரத்தில் அவள் கட்டிய வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது.

போன வாரம் மகள் டின்னைக் கழுவ எடுத்தாள். "ஏம்மா, இதப் போய் மாவுல போட்டு வச்சிருக்க? ஆணியில மாட்டினா இன்னா?"

"உங்க நைனா அதுலதான் வச்சாரு" என்றேன். டின் காய்ந்ததும் பஞ்சோடு அதை உள்ளே வைத்து மேலே மாவைக் கொட்டினேன்.