மலாக்காக்காரியின் ஜொகூர்க் கை

ஜொகூரில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் கருப்பாயிக்கு வைத்த பெயர் மலாக்காக்காரி. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு ரயிலேறி வந்த வாரமே அவள் ஆரம்பித்துவிட்டாள். மலாக்காவில் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி, இங்கே சேறு. மலாக்காவில் கொசு பாட்டுப் பாடும், இங்கே ஆளையே தூக்கும். லயத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? மலாக்காக்காரர்களுக்கு வாய் மட்டும்தான் உழைக்கும் என்றார்கள். அவளுடைய பால்வாளி எல்லாருடையதையும்விட நிறைந்து வந்த நாளிலும் அதையேதான் சொன்னார்கள்.

பிறந்த வீட்டுக்குப் போனால் அவள் அளப்பது இன்னும் மோசம். ஜொகூரில் எல்லார் முகமும் மஞ்சள், வயிறு பானை, உச்சி வெயிலிலும் பல் தந்தியடிக்கும், அந்த ஆட்கள் கை பட்டாலே காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்பாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டி அவள் தட்டில் ஒரு துண்டு மீனைக் கூடுதலாக வைப்பார்கள். அந்த மீன் அவளுக்குப் பிடிக்கும்.

இப்படியே பல வருஷம் போனது. பிறகு தம்பி சின்னத்தம்பிக்கு மலாக்காவிலேயே கல்யாணம் கூடியது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மிச்ச இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கருப்பாயி. அந்த இரண்டு முடிச்சுக்காகவே ஒரு சேலை எடுத்து, உடுத்தாமல் மடித்து வைத்திருந்தாள்.

அதை உடுத்திக்கொண்டு பந்தலில் நின்றபோது, முடிச்சுப் போட பங்காளி வீட்டுப் பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டதாகப் பெண்ணின் தாய் வந்து சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் தயாராக இருந்தது.

“நீங்கதானே சொன்னீங்க, ஜொகூர்க்காரங்க கை பட்டா காய்ச்சல் ஒட்டிக்கும்னு. எம்மக கழுத்தும்மா அது.”

கருப்பாயி வாயைத் திறந்தாள்.

“அப்படியெல்லாம் இல்ல. எங்க ஊர்ல காலையில ஆள் கணக்கெடுக்கறப்பவே காய்ச்சல் வராம கொயினா மருந்து குடுத்துடுவாங்க. அதக் குடிச்சிட்டுத்தான் பால்மரம் வெட்டவே போறோம்.”

எங்க ஊர் என்று தன் வாயில் வந்ததை அவளே ஆச்சரியமாகக் கேட்டாள்.

கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். நடுங்கியது. கோபமா, அழுகையா என்று யார் பார்த்தார்கள்? ஜொகூர்க் கை நடுங்குகிறது, அவ்வளவுதான். மணவறையில் இருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் பந்தல்காலோடு ஒட்டி நின்றாள்.

மேளம் கொட்டியது. சின்னத்தம்பி முதல் முடிச்சைப் போட்டான். பங்காளி வீட்டுப் பெண் கையை நீட்டினாள். பூப்பாரத்தில் குனிந்திருந்த மணப்பெண் தனலெட்சுமி, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சரட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி போடட்டும். ஒட்டிக்கிச்சுன்னா நானும் கொயினா குடிச்சிக்கிறேன்.”

பந்தல் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு யாரால் தடுக்க முடியும்? கருப்பாயி போட்டாள். கை நடுக்கம் நிற்காததால் இரண்டாவது முடிச்சு கொஞ்சம் கோணல்.

சிகாமட் திரும்பியதும் லயத்துப் பெண்கள் கிணற்றடியில் காத்திருந்தார்கள், மலாக்காப் பெருமையைக் கேட்டுச் சிரிக்க. அவள் வாளியில் இருந்த கலங்கல் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு மடமடவென்று குடித்தாள்.

“கல்யாணம் நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணிதான் அங்க சப்புனு இருக்கு.”

ஒருத்தி பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.